மார்க் போடறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்

காலேஜ்ல பாடம் எடுக்கறவங்களுக்கு இன்டர்னல் (காலேஜே நடத்தற பரீட்சை) முடிஞ்ச அடுத்த நாள் எப்படி இருக்கும்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. பேப்பர் கட்டு மேசைக்கு வந்துடும், ரெண்டாவது இன்டர்னல் வர்றதுக்குள்ள திருத்தி மார்க்கை போர்ட்டல்ல ஏத்தணும், நடுவுல நாக் (கல்லூரிக்குத் தரமதிப்பீடு கொடுக்கற அமைப்பு) ஃபைல் வேலை, பாடத்தோட நோக்கத்தைப் படிப்போட நோக்கத்தோட பொருத்திக் காட்டற சிஓ-பிஓ மேப்பிங், யாராவது லீவு போட்டா அவங்க க்ளாஸ், இதுக்கெல்லாம் நடுவுல உக்காந்து சிவப்புப் பேனாவால ஓரத்துல "விளக்கம் போதாது", "வரைபடம் எங்கே", "நன்று" அப்படின்னு எழுதிக்கிட்டே போவோம். பேப்பர் கைக்கு வந்ததும் பசங்க மொதல்ல மார்க்கைப் பார்க்கறாங்க, அப்புறம் கூட்டல் சரியான்னு பார்க்கறாங்க, பக்கத்துல இருக்கறவன் எவ்ளோன்னு கேக்கறாங்க, மடிச்சு பைக்குள்ள வச்சுடறாங்க. ஓரத்துல நாம எழுதினதை யாரும் படிக்கறதில்லன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் வருத்தப்படறோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, அதைப் படிச்சு அவங்க என்ன செய்யணும்? அந்த யூனிட் முடிஞ்சுபோச்சு, அந்த மார்க் போர்ட்டல்ல ஏறிடுச்சு, அந்தக் கேள்வி திரும்ப வரப்போறதில்ல. செய்யறதுக்கு எதுவுமே இல்லாத நேரத்துல ஒருத்தருக்குச் சொல்ற அறிவுரை எவ்ளோ நல்லதா இருந்தாலும் அது காத்துல போற பேச்சுதான்.

நான் மேற்கு மாவட்டத்துல ஒரு சுயநிதிக் கல்லூரியில, தன்னாட்சி வாங்கின கல்லூரியில, பொருளாதாரம் எடுக்கறேன். கொஞ்ச வருஷமா உயர்கல்வியில மதிப்பீடு பத்தியும் பின்னூட்டம் (ஃபீட்பேக்) பத்தியும் வந்த ஆராய்ச்சிங்களைத் தேடித்தேடிப் படிச்சுக்கிட்டு வர்றேன், படிச்சதை எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்களோட தமிழ்ல பேசிக்கிட்டும் இருக்கேன். இந்தப் பதிவு அந்தப் பேச்சோட நீட்சிதான்னு வச்சுக்கங்க. இதுல எனக்கு அக்கறை வர்றதுக்குக் காரணம் ரொம்ப நேரடியானது, என்கிட்ட படிக்கற பசங்கள்ல நெறைய பேர் அவங்க வீட்டுல மொதல் ஆளா காலேஜ் வாசல் மிதிச்சவங்க. எழுதினதை எடுத்துப் பார்த்து "இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே"ன்னு சொல்ல வீட்டுல ஆள் கிடையாது. நாங்க சொன்னாத்தான் உண்டு.

ராய்ஸ் சாட்லர்னு ஆஸ்திரேலியாவுல ஒரு கல்வி ஆராய்ச்சியாளர், 1989-ல ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறையில யார் எதை எழுதினாலும் சுத்திச்சுத்தி அங்கதான் வந்து நிப்பாங்க. அவர் சொன்னது மூணு விஷயம், நல்ல வேலைன்னா எப்படி இருக்கும்னு மாணவனுக்குத் தெரிஞ்சிருக்கணும், தன்னோட வேலையை அதோட ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கே தெரியணும், அந்த இடைவெளியைக் குறைக்க அவன் ஏதாவது செய்யணும். மூணும் சேர்ந்து இருந்தாத்தான் முன்னேற்றம், ஒண்ணு இல்லன்னாலும் ஆசிரியர் எவ்ளோ எழுதினாலும் பிரயோஜனம் கம்மி. சாட்லர் இதுக்கு அடிப்படையா எடுத்துக்கிட்டது அர்கல்கூட் ராமபிரசாத் 1983-ல எழுதின ஒரு கட்டுரையை. அவர் நிர்வாகவியல் பக்கம் இருந்து வந்தவர், பள்ளிக்கூடம் பத்தியே பேசல. ஒரு அமைப்பு இப்ப எங்க இருக்கு, எங்க இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்ங்கற தகவல் அந்தத் தூரத்தை மாத்தறதுக்குப் பயன்பட்டாத்தான் அதுக்குப் பேரு பின்னூட்டம், பயன்படலன்னா அது வெறும் தகவல், அவ்ளோதான் அப்படின்னார். இதை மொதமொதல்ல படிச்சப்ப நான் கட்டுக்கட்டா திருத்தி வச்ச பேப்பர் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

நம்ம ஊர் காலேஜ்ல இந்த மூணுல எது இருக்குன்னு ஒவ்வொண்ணா பாருங்க. நல்ல விடை எப்படி இருக்கும்னு பசங்களுக்குக் காட்டறோமா? கொஸ்டின் பேங்க் தர்றோம், முக்கியமான கேள்வின்னு டிக் அடிச்சுத் தர்றோம், ஆனா பத்து மார்க் கேள்விக்கு எழுதின ஒரு நல்ல விடையையும் சுமாரான விடையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பேசினது எத்தனை க்ளாஸ்ல நடந்திருக்கும்? எதுக்கு எவ்ளோ மார்க்னு சொல்ற ஸ்கீம் ஆஃப் வேல்யூவேஷன் சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்) ஆபீஸ் அலமாரியில இருக்கும், அதைப் பசங்க கண்ணுல காட்டறது ஏதோ ரகசியத்தை விக்கிற மாதிரின்னு நெனைக்கிறோம். கேள்வித்தாள்ல ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்துலயும் கே1, கே2, கே4ன்னு போட்டிருக்கும், அது அந்தக் கேள்வி எந்த அளவு யோசனையைக் கேக்குதுன்னு சொல்ற ப்ளூம் அடுக்குன்னு நமக்குத் தெரியும், எழுதற புள்ளைக்கு அது என்னன்னே தெரியாது.

அடுத்து மார்க். இதைப் பத்தின ஆராய்ச்சியில எல்லாரும் சொல்றது ரூத் பட்லர் இஸ்ரேல்ல நடத்தி 1988-ல வெளியிட்டது. அஞ்சாவது ஆறாவது படிக்கிற பிள்ளைங்களை மூணு குழுவா பிரிச்சு ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், இன்னொரு குழுவுக்கு ரெண்டும் கொடுத்தாங்க. கருத்து மட்டும் வாங்கின பிள்ளைங்க அடுத்த தடவை நல்லா செஞ்சாங்க, ஆர்வமும் குறையல. ரெண்டும் வாங்கினவங்க நல்லா செஞ்சிருக்கணும்ல? இல்ல, அவங்க மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரிதான் இருந்தாங்க. அதாவது மார்க் பக்கத்துல வந்து உக்காந்ததும் கருத்து காணாமப் போயிடுச்சு. இது சின்னப் பிள்ளைங்க மேல நடந்த ஆய்வு, அப்படியே தூக்கிட்டு வந்து பத்தொன்பது வயசுப் பசங்க மேல வைக்கக்கூடாதுங்கறதையும் சேர்த்துத்தான் சொல்லணும், நான் யார்கிட்ட இதைச் சொன்னாலும் அதையும் சொல்லிடுவேன். ஆனா பேப்பரை வாங்கி மார்க்கைப் பார்த்து மடிச்சு வைக்கிற பசங்களைப் பார்த்தவங்களுக்கு இந்த முடிவு ஆச்சரியமா இருக்காது.

இன்னொண்ணு, பின்னூட்டம்னாலே நல்லதுதானே, கொடுத்தா எப்படியும் உதவும்னு ஒரு நம்பிக்கை நமக்கு உண்டு. க்ளூகரும் டினீசியும் 1996-ல நூத்துக்கணக்கான சோதனைகளை ஒண்ணா சேர்த்துக் கணக்குப் போட்டாங்க, 607 விளைவுகள், 23,663 பதிவுகள். சராசரியா பார்த்தா பின்னூட்டம் உதவுது, ஆனா மூணுல ஒரு பங்குக்கும் மேல பின்னூட்டம் கொடுத்ததாலயே செயல்திறன் குறைஞ்சிருக்கு. எப்போ குறையுதுன்னா, சொல்ற விஷயம் வேலையை விட்டுட்டு ஆளைப் பத்தி யோசிக்க வைக்கும்போது. ஹாட்டியும் டிம்பர்லியும் 2007-ல எழுதினதும் இதே பக்கம்தான் போகுது, "நீ கெட்டிக்காரன்" மாதிரி ஆளைப் பாராட்டறது படிப்புக்கு ரொம்பக் கொஞ்சம்தான் உதவுது, இந்த வேலையில என்ன சரி, எந்த வழியில போனா சரியாகும்னு சொல்றதுதான் வேலை செய்யுது. பாராட்டவே கூடாதுன்னு நான் இதைப் புரிஞ்சுக்கல. மொதல் தலைமுறையா வர்ற பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை எவ்ளோ தெம்புன்னு எனக்குத் தெரியும். அந்த நல்ல வார்த்தையோட சேர்த்து, அடுத்து என்ன செய்யறதுன்னும் சொல்லணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். நூறு நாள் வேலைத் திட்டத்தால கிராமத்துக் கூலி ஏறுச்சான்னு ஒரு அசைன்மென்ட். பெரும்பாலான பசங்க சட்டம் 2005-ல வந்தது, நோக்கம் இது, பயன்கள் இதுன்னு எழுதி கடைசியில "இதனால் கூலி உயர்ந்தது"ன்னு முடிச்சிருப்பாங்க. இதுக்கு ஓரத்துல "இன்னும் ஆழமாக எழுதவும்"னு போட்டா அந்தப் புள்ளை எதைத் தோண்டும்? அதே இடத்துல "உங்க ஊர்ல களை எடுக்கறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி எவ்ளோ கூலி, இப்ப எவ்ளோன்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டு எழுது, அது ஏறினதுக்கு இந்தத் திட்டம் இல்லாம வேற என்ன காரணம் இருக்கலாம்னு ரெண்டு யோசி"ன்னு எழுதினா அவளுக்கு நாளைக்குச் சாயங்காலம் செய்ய ஒரு வேலை கிடைச்சுடுது. ஒரு பொண்ணு அப்படிப் போய்க் கேட்டுட்டு வந்து, திருப்பூர் கம்பெனி வேன் ஊருக்குள்ள வர ஆரம்பிச்சதுதான் பெரிய காரணம்னு அவங்க பாட்டி சொல்றதா எழுதியிருந்தா. பாடப்புத்தகத்துல இல்லாத பொருளாதாரம் அது, அவளே கண்டுபிடிச்சது.

சரி, இவ்ளோ தெரிஞ்சும் ஏன் இது நடக்கமாட்டேங்குது? நான் நெனைக்கிற காரணம், நம்ம கையில இருக்கற ஒரே பேனா ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, இவனுக்கு இவ்ளோ மார்க்னு தீர்ப்பு சொல்ற வேலை. ரெண்டு, இவன் அடுத்து எப்படி நல்லா செய்யலாம்னு வழிகாட்டற வேலை. நயோமி வின்ஸ்டோனும் டேவிட் பௌடும் எழுதின ஒரு கட்டுரையில இந்த ரெண்டையும் பிரிச்சே ஆகணும்னு சொல்றாங்க, ஏன்னா ரெண்டும் ஒண்ணா இருக்கறப்ப தீர்ப்பு எப்பவும் வழிகாட்டறதை விழுங்கிடுது, ஓரத்துல எழுதற குறிப்பு "ஏன் உனக்கு இவ்ளோ மார்க் கொறைச்சேன்"ங்கறதுக்கு நியாயம் சொல்றதா மாறிடுது. நம்ம குறிப்புங்களை எடுத்துப் படிச்சுப் பாருங்க, "வரைபடம் இல்லை"ங்கறது யாருக்கு எழுதினது? பையனுக்கா, இல்ல நாளைக்கு யாராவது வந்து ஏன் ரெண்டு மார்க் கொறைச்சீங்கன்னு கேட்டா காட்டறதுக்கா?

இந்தப் பழக்கம் நேத்து வந்ததில்ல. மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய் மூணு பல்கலைக்கழகமும் 1857-ல ஆரம்பிச்சப்ப லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிச்சாங்க, பாடம் நடத்தறது கல்லூரிங்க வேலை, பரீட்சை வச்சுப் பட்டம் கொடுக்கறதுதான் பல்கலைக்கழகத்தோட வேலை. அதாவது பொறக்கும்போதே பரீட்சை நடத்தற நிறுவனமாத்தான் பொறந்துச்சு. பாடம் நடத்தறவர் வேற, திருத்தறவர் வேற, திருத்தறவருக்கு எழுதினவன் யாருன்னே தெரியக்கூடாது, டம்மி நம்பர் போட்டு மூடி வச்சிருக்கும். நேர்மைக்காக வச்ச ஏற்பாடு அது, அந்த நேர்மையை நான் குறை சொல்லல, வேல்யூவேஷன் கேம்ப்ல உக்காந்தவங்களுக்கு அதோட அவசியம் தெரியும். ஆனா அந்த ஏற்பாட்டுல திருத்தறவர் எழுதினவன்கிட்ட பேசறதுக்கு ஒரு வழியும் கிடையாது. சுதந்திரம் வந்த உடனே 1948–49-ல ராதாகிருஷ்ணன் கமிஷன், பல்கலைக்கழகக் கல்வியில ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம்னா அது பரீட்சைச் சீர்திருத்தமாத்தான் இருக்கணும்னு எழுதிட்டாங்க. எழுபத்தஞ்சு வருஷம் தாண்டியாச்சு, இன்னும் அதே வரியை எல்லா செமினார்லயும் மொதல் ஸ்லைடுல போட்டுக்கிட்டு இருக்கோம்.

அந்தத் தீர்ப்பாவது உறுதியானதான்னு பார்த்தா அங்கயும் கேள்வி இருக்கு. பிலிப் ஹார்டாக்னு ஒருத்தர், டாக்கா பல்கலைக்கழகத்தோட மொதல் துணைவேந்தர், 1929-ல இந்தியக் கல்வி பத்தி அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவரும் அவர்தான். அவரும் ரோட்ஸும் சேர்ந்து 1935-ல இங்கிலாந்துல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஏற்கெனவே ஒரே நடுத்தர மார்க் வாங்கின 15 வரலாற்று விடைத்தாள்களை அனுபவமான பரீட்சகர்கள்கிட்ட கொடுத்து திருத்தச் சொன்னாங்க, ஒரு வருஷத்துக்கும் மேல கழிச்சு அதே தாள்களை அவங்கள்ல 14 பேர்கிட்ட திரும்பக் கொடுத்தாங்க. மொத்தம் 210 தீர்ப்பு, அதுல 92 மாறிப்போச்சு. தேறினவன் தேறாமப் போனான், தேறாதவன் தேறினான், திருத்தினது அதே ஆள், தாளும் அதே தாள். இதைச் சொன்னா சில பேருக்குக் கோவம் வருது, "அப்ப நாங்க திருத்தறது எல்லாம் தப்பா"ன்னு. தப்புன்னு சொல்லல. கட்டுரை வடிவ விடையை எண்ணா மாத்தறதுங்கறது யாருக்குமே கஷ்டமான வேலை, அந்த எண்ணுக்காக நம்ம மொத்த நேரத்தையும் செலவழிச்சுட்டு வழிகாட்டறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்காம இருக்கோமேங்கறதுதான் என் ஆதங்கம்.

இந்த இடத்துல ஒரு வழக்கைச் சொல்லாம போக மனசு வரல. பத்தாம் வகுப்பு எழுதின ஒரு மாணவர் தன்னோட திருத்தின விடைத்தாளைப் பார்க்கணும்னு சிபிஎஸ்இ-கிட்ட தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டார், தரமாட்டோம்னாங்க. கல்கத்தா உயர்நீதிமன்றம் போய், அப்புறம் உச்சநீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2011 ஆகஸ்ட் 9-ந் தேதி தீர்ப்பு, திருத்தின விடைத்தாளும் தகவல்தான், எழுதினவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு, திருத்தினவர் பேரை மட்டும் மறைச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. யோசிச்சா மனசு என்னமோ பண்ணுது. தான் எழுதினது எப்படிப் படிக்கப்பட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு மாணவர் நாட்டோட பெரிய நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. இப்ப நம்ம பல்கலைக்கழகங்கள்ல பணம் கட்டி போட்டோகாப்பி வாங்கலாம், நல்லது. ஆனா அந்த போட்டோகாப்பியைப் பிரிச்சுப் பார்த்தா உள்ள என்ன இருக்கு? டிக், டிக், பாதி டிக், ஓரத்துல 4, 6, 3. உரிமை கிடைச்சு கையில வாங்கின தாள்லயும் அவனுக்குன்னு எழுதின ஒரு வாக்கியம் கிடையாது. அதனால அதை வச்சு அவன் செய்யக்கூடியது ரீவேல்யூவேஷனுக்கு அப்ளை பண்றது ஒண்ணுதான்.

செமஸ்டர் பரீட்சையை நம்மளால இப்ப அசைக்க முடியாது, அது பெரிய எந்திரம். ஆனா இன்டர்னல் நம்ம கையில இருக்கே. எங்க காலேஜ்ல இன்டர்னல் 25, செமஸ்டர் 75. தன்னாட்சிக் கல்லூரிங்கற ஏற்பாடே 1978-ல லயோலா, மெட்ராஸ் கிறிஸ்டியன் மாதிரி கல்லூரிங்கள்ல தொடங்கினது, பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டையும் கல்லூரியே தீர்மானிக்கட்டும்னுதான். அந்தச் சுதந்திரத்தை வாங்கி வச்சுக்கிட்டு நாம செஞ்சது, பல்கலைக்கழகப் பரீட்சையை அப்படியே சின்னதாக்கி ரெண்டு இன்டர்னல், ஒரு மாடல்னு மூணு தடவை வைக்கறது. அந்த 25-க்குள்ளதான் நான் கை வைக்க ஆரம்பிச்சேன்.

என் பேப்பர்ல அசைன்மென்ட்டுக்கு மொதல் வரைவு, திருத்தின வரைவுன்னு ரெண்டு கட்டம். மொதல் வரைவுக்கு மார்க் கிடையாது, குறிப்பு மட்டும்தான். ரெண்டாவதுக்குத்தான் மார்க், அதுலயும் கூட ஒரு தாள் வைக்கணும், என்ன மாத்தினேன், ஏன் மாத்தினேன், எதை மாத்தாம விட்டேன்னு. மொதல் தடவை சொன்னப்ப க்ளாஸ்ல பின்னாடி பெஞ்ச்ல இருந்து கேள்வி வந்துச்சு, "மேம், மார்க் இல்லன்னா எதுக்கு மேம் எழுதணும்?" நியாயமான கேள்வி, பன்னெண்டு வருஷம் பள்ளிக்கூடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கு. மொதல் வரைவு வைக்காதவங்களோட ரெண்டாவது வரைவை வாங்கமாட்டேன்னு சொல்லிட்டேன், அப்புறம் எல்லாரும் வச்சாங்க. நெறைய பேர் மொதல்ல எழுத்துப்பிழையை மட்டும்தான் மாத்தினாங்க. அதுவும் போகப்போக மாறுச்சு. எதை மாத்தாம விட்டேன்ங்கற கேள்விக்கு ஒரு பையன் "நீங்க சொன்ன காரணத்தை நான் ஒத்துக்கல மேம்"னு எழுதி ஏன்னும் எழுதியிருந்தான், அவன் சொன்னதுல விஷயம் இருந்துச்சு. அந்த வரியைப் படிச்ச சந்தோஷம் இன்னும் இருக்கு.

வரைவுக்கு முன்னாடி இன்னொண்ணு செய்யறேன், போன வருஷத்து விடைங்கள்ல ரெண்டு மூணை, எழுதினவங்ககிட்ட அனுமதி வாங்கி, பேரை எடுத்துட்டு, க்ளாஸ்ல கொடுத்து நீங்களே திருத்துங்கன்னு சொல்வேன். அந்த அம்பது நிமிஷம் க்ளாஸ் சந்தை மாதிரி இருக்கும். ஒருத்தி எட்டு போடுவா, பக்கத்துல இருக்கறவ நாலு போடுவா, ஏன் நாலுன்னு சண்டை வரும், அந்தச் சண்டையிலதான் நல்ல விடைன்னா என்னங்கறது அவங்களுக்குள்ள உருவாகுது. ஸ்காட்லாந்துல ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகத்துல டேவிட் நிக்கலும் கூட்டாளிங்களும் மொதல் வருஷ எஞ்சினியரிங் மாணவர்களை ஒருத்தர் வேலையை ஒருத்தர் பார்த்துக் கருத்து எழுத வச்சு 2014-ல எழுதினாங்க. கருத்து வாங்கறதுல கத்துக்கறது ஒரு விதம்னா, அடுத்தவங்க வேலையைப் பார்த்துக் கருத்து எழுதறதுல கத்துக்கறது வேற ஒரு விதம், அதுல திரும்பத் தன்னோட வேலையைப் பார்க்க ஒரு கண்ணு கிடைக்குதுன்னு மாணவர்களே சொல்லியிருக்காங்க. கார்லெஸ்ஸும் பௌடும் 2018-ல சொன்னதும் இந்தத் திறமையைப் பத்தித்தான், கருத்தை மதிக்கத் தெரியறது, தானே தரம் பார்க்கத் தெரியறது, கேட்கும்போது வர்ற வருத்தத்தைத் தாங்கிக்கறது, அப்புறம் ஏதாவது செய்யறது. அந்த வருத்தம்ங்கற விஷயத்தை நாம பேசறதே இல்ல. எழுதினதுல பாதிக்கு மேல அடிச்சுக் கொடுத்தா ஒரு பிள்ளைக்கு மனசு எவ்ளோ கூசும், அதுவும் தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்து இங்கிலீஷ்ல எழுதிப் பழகற பிள்ளைக்கு. நான் மொதல் வரைவுல இலக்கணத்தைத் தொடறதே இல்ல, சொல்ல வந்தது என்னன்னு மட்டும்தான் பார்க்கறேன்.

டெஸ்ட்டே வேண்டாமான்னு ஒரு கேள்வி வரும். வேணும், நெறையவே வேணும், ஆனா மார்க்குக்காக இல்லாம. ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல அமெரிக்காவுல செஞ்சதுல ஒரு குழு ஒரு பகுதியை நாலு தடவை படிச்சாங்க, இன்னொரு குழு ஒரு தடவை படிச்சுட்டு மூணு தடவை புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா நாலு தடவை படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அவங்களுக்கு 40 சதவீதம்தான் நெனவுல இருந்துச்சு, எழுதிப் பார்த்தவங்களுக்கு 61. திங்கக்கிழமை க்ளாஸ் ஆரம்பத்துல நோட்டை மூடிட்டு போன வாரம் நடத்தினதை அஞ்சு நிமிஷம் எழுதுங்கன்னு சொல்றது, அவங்களே சரிபார்த்துக்கறது, இதுக்கு போர்ட்டலும் வேண்டாம், சிஓஇ அனுமதியும் வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னப்ப எங்க டிபார்ட்மென்ட்ல மூத்தவர் ஒருத்தர், ரொம்ப மரியாதைக்குரியவர், "மேடம், இதெல்லாம் இருபது பேர் க்ளாஸுக்கு எழுதினது, எனக்கு மூணு செக்‌ஷன், ஒவ்வொண்ணுலயும் அறுபது பேர்"னார். அவர் சொன்னது சரி. இந்த ஆராய்ச்சியில பெரும்பகுதி இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஹாங்காங்னு வசதியான இடங்கள்ல இருந்து வர்றது. அங்கயே நிலைமை சுகமா இல்லங்கறது வேற விஷயம், இங்கிலாந்துல 2005-ல தொடங்கின தேசிய மாணவர் கருத்துக்கணிப்புல வருஷா வருஷம் மாணவர்கள் அதிகமா குறை சொன்னது மதிப்பீடும் பின்னூட்டமும்தான், ஹாங்காங்ல எட்டுப் பல்கலைக்கழகங்கள்ல டேவிட் கார்லெஸ் கேட்டப்ப நாங்க விரிவா எழுதிக் கொடுக்கறோம்னு ஆசிரியர்கள் நம்பற அளவுக்கு மாணவர்கள் அதை உணரல. ஆனாலும் அறுபது பேர்ங்கறது அறுபது பேர்தான். ஒரு பேப்பருக்கு ஆறு நிமிஷம்னா ஆறு மணி நேரம், அதை ரெண்டு தடவை யாராலயும் பண்ண முடியாது.

அதனால நாங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம். கடைசி வரைவுக்குச் செலவழிக்கிற நேரத்தை மொதல் வரைவுக்கு மாத்தறது, கடைசியில மார்க் மட்டும், ஒரு வரி கூட எழுத வேண்டாம். மொதல் வரைவுலயும் அறுபது பேருக்கும் தனித்தனியா எழுதாம, எல்லாத்தையும் வேகமா படிச்சு திரும்பத்திரும்ப வர்ற நாலஞ்சு குறைங்களை எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் கொடுத்து, பேப்பர் ஓரத்துல அந்த எண்ணை மட்டும் போடறது. க்ளாஸ்ல இருபது நிமிஷம் அந்த நாலஞ்சையும் பலகையில எழுதி விளக்கறது, அப்புறம் அவங்கவங்க எண்ணைப் பார்த்து எங்க எப்படி மாத்தணும்னு அவங்களே கண்டுபிடிக்கறது. எண்ணை வச்சுத் தேடிக் கண்டுபிடிக்கறதே பாதிப் படிப்பு. சார் அவரோட மூணு செக்‌ஷன்ல ஒண்ணுல மட்டும் செஞ்சு பார்த்தார். இப்ப மூணுலயும் செய்யறார், அவரே எனக்கு இன்னொண்ணு சொல்லிக்கொடுத்தார், குறை இருக்கற எண்ணோட சேர்த்து நல்லா செஞ்ச இடத்துக்கும் ஒரு எண் வைங்கன்னு.

ஆராய்ச்சியைப் பகிர்ந்துக்கறது எப்படிங்கறதை அவர்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டேன்னு சொல்லணும். வழக்கமா எஃப்டிபி-யில (ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்) ஒருத்தர் வந்து ரெண்டு மணி நேரம் ஸ்லைடு போட்டு உலகத்துல எங்கெங்க என்ன நடக்குதுன்னு சொல்லிட்டு சர்டிபிகேட் கொடுத்துட்டுப் போயிடுவார். கேட்டவங்க மறுநாள் காலையில என்ன மாத்திச் செய்யணும்னு அதுல ஒண்ணும் இருக்காது. பசங்களுக்குச் செய்ய எதுவும் இல்லாம குறிப்பு எழுதறது எப்படியோ, ஆசிரியர்களுக்குச் செய்ய எதுவும் இல்லாம ஆராய்ச்சி சொல்றதும் அப்படித்தான். அதனால இப்ப நாங்க வெள்ளிக்கிழமை மதியம் ஒரே ஒரு கட்டுரை எடுத்துக்கறோம், அதுல இருந்து ஒரே ஒரு விஷயம், அடுத்த வாரம் யாராவது ஒருத்தர் க்ளாஸ்ல செஞ்சு பார்த்துட்டு வந்து சொல்லணும். நடக்கலன்னாலும் சொல்லணும். காமர்ஸ்ல இருந்து ரெண்டு பேர், கணிதத்துல இருந்து ஒருத்தர் வர ஆரம்பிச்சிருக்காங்க.

இதுல பெரிய தடை கட்டுரை கையில கிடைக்கறதுதான். ஒரு கட்டுரைக்கு வெளிநாட்டுப் பதிப்பகம் கேக்கற பணம் ஒரு கெஸ்ட் லெக்சரரோட பல நாள் சம்பளம். ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டற திட்டத்துக்கு, ஒரே நாடு ஒரே சந்தான்னு 2024 நவம்பர் 25-ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்களோட கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். நல்ல திட்டம், மனசார வரவேற்கறேன். ஆனா அது ஆரம்பிச்சது அரசு நடத்தற நிறுவனங்களுக்கு. தமிழ்நாட்டுல பெரும்பாலான பசங்க படிக்கறது எங்களை மாதிரி சுயநிதிக் கல்லூரியில, அங்க பாடம் எடுக்கறவங்களுக்கு அந்தக் கதவு தெறக்கல. அரசுக் கல்லூரியில இருக்கற பிள்ளைக்கும் சுயநிதிக் கல்லூரியில இருக்கற பிள்ளைக்கும் நல்ல மதிப்பீடு தேவைப்படறதுல என்ன வித்தியாசம்? இதை மாத்தணும்னு சங்கங்கள் கேக்கணும். அதுவரைக்கும் வழி இல்லாம இல்ல, கட்டுரை எழுதினவங்க பல பேர் பதிப்பகத்துக்குக் கொடுத்த கடைசி வடிவத்தை அவங்க பல்கலைக்கழகத் தளத்துல சட்டப்படியே இலவசமா வச்சிருக்காங்க, கூகுள் ஸ்காலர்ல தலைப்பைப் போட்டு எல்லா வடிவங்களும்ங்கறதை அமுக்கினா பாதி நேரம் கிடைச்சுடும். இல்லன்னா எழுதினவங்களுக்கே மெயில் போடுங்க. நான் போட்டிருக்கேன், பதில் வந்திருக்கு, கூடவே உங்க க்ளாஸ் எப்படின்னு விசாரிச்சும் எழுதியிருக்காங்க.

ஏஐ பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட்டா கமென்ட்ல கேப்பீங்க. அசைன்மென்ட்டை சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துடுதே, வரைவு வாங்கி என்ன பிரயோஜனம்னு. சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீட்டை ரெண்டு பாதையா பிரிச்சுட்டாங்க, நேர்ல கண்காணிப்போட நடக்கறது ஒண்ணு, ஏஐ பயன்படுத்தறதை ஏத்துக்கிட்டு நடக்கறது ஒண்ணு. எங்ககிட்ட அவ்ளோ ஏற்பாடு இல்ல, ஆனா பாட்டிகிட்ட கேட்டுட்டு வந்த கூலிக் கணக்கை எந்த மென்பொருளும் எழுதித் தராது, அதோட என்ன மாத்தினேன்ங்கற தாளை வச்சுக்கிட்டு மூணு நிமிஷம் நேர்ல பேசினாலே யார் யோசிச்சது யார் யோசிக்கலன்னு தெரிஞ்சுடுது.

அடுத்த மாசம் எங்க போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டத்தை முடிவு பண்ற குழு) கூடுது. இன்டர்னல் 25-ல மாடல் எக்ஸாமுக்கு இருக்கற 10-ஐ 5-ஆ கொறைச்சு, அந்த 5-ஐ திருத்தி எழுதின வரைவுக்கும் அதோட வைக்கிற தாளுக்கும் கொடுக்கணும்னு நானும் சாரும் சேர்ந்து எழுதி வச்சிருக்கோம். மார்க்கையும் குறிப்பையும் ஒரே நாள்ல கொடுக்கக்கூடாது, குறிப்புக்கும் திருத்தின வரைவுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு வாரம் இருக்கணும்ங்கறதையும் விதியாவே சேர்த்திருக்கோம். மாடல் எக்ஸாம் மார்க்கைக் கொறைச்சா செமஸ்டர் ரிசல்ட் விழுந்துடும்னு வெளிய இருந்து வர்ற உறுப்பினர்கள் கேப்பாங்க, அதுக்காக மூணு செக்‌ஷனோட விடைத்தாள்ல இருந்து மொதல் வரைவையும் ரெண்டாவது வரைவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு ஃபைல் தயார் பண்ணிக்கிட்டு இருக்கோம். வேற தன்னாட்சிக் கல்லூரியில யாராவது இந்த மாதிரி இன்டர்னலைப் பிரிச்சு அனுமதி வாங்கியிருந்தீங்கன்னா அந்த ரெகுலேஷன் எப்படி எழுதினீங்கன்னு சொல்லுங்க, கூட்டத்துக்கு முன்னாடி கிடைச்சா ரொம்ப உதவியா இருக்கும்.